கால் முளைக்காத தலைப்பிரட்டைகள்

ஆவணி வெயிலில் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு ஷிஃப்டுக்கு வந்த ஆள், ஒரகடம் வட்டாரத்திலேயே பகலவன் ஒருவனாகத்தான் இருப்பான். ரப்பர் கம்பெனியில் மிக்சிங் செக்‌ஷன் என்பது சும்மா நின்றாலே வேர்த்துக் கொட்டுகிற இடம். மில் என்று சொல்லும் எந்திரத்தில் இரண்டு பெரிய இரும்பு உருளைகள் ஒன்றையொன்று இடிக்கிற மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும். நடுவில் ரப்பர் சப்பாத்தி மாவுபோல் பிசைபடும். அந்தச் சூட்டில் மற்றவர்கள் பனியனைக் கழற்றிப் பிழிந்து மறுபடி மாட்டிக்கொள்வார்கள். சூப்பர்வைசர் பகலவனுக்கோ உள்ளங்கால் சில்லிட்டுக் கிடந்தது.

"இன்னாண்ணா, ஊட்டிக்குக் கெளம்பிட்டியா?" என்று எடை ரூமிலிருந்து டில்லிபாபு கத்துவான். முகம் முழுக்க வெள்ளைப் பவுடர் அப்பியிருக்க, கண் இரண்டும் மட்டும் கறுப்பாகத் தெரியும்.

ட்ரம் ட்ரம்மாக வந்து இறங்கும் அந்தப் பவுடருக்கு ஆட்கள் வைத்த பெயர் பால் பவுடர். ரப்பர் இறுகி உறுதிப்படுவதற்காகச் சேர்ப்பது. டில்லிபாபு கையால் அள்ளி எடை போட்டுக் கொடுப்பான். மில்லில் நிற்கும் கோபால் அதை உருளைக்கு நடுவே தூவுவான். தூவும்போது புகைபோல் எழும்பி எல்லோர் மேலும் இறங்கும். டீ டம்ளரிலும் இறங்கும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இந்த இரண்டு பேரையும் வடக்குப்பட்டிலிருந்து கூட்டிவந்து வேலையில் சேர்த்துவிட்டதே பகலவன்தான்.

குளிர் மட்டும் என்றால் சமாளித்திருப்பான். முகம் ஊதியது. குரல் கரகரத்தது. புருவத்தின் ஓரத்து முடி உதிர்ந்தது. பேனாவைக் கையில் எடுத்தால் என்ன எழுத வந்தோம் என்று யோசிக்க வேண்டியிருந்தது. தான் ஏதோ கிணற்றுக்குள் நிற்பதுபோலவும், மற்றவர்கள் மேலே நின்று பேசுவதுபோலவும் இருந்தது. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். குடிக்கிறான் என்று செக்யூரிட்டியில் பேசிக்கொண்டார்கள்.

டாக்டரிடம் போக அவனுக்குப் பயம். முன்னால் வேலை பார்த்த அம்பத்தூர் கம்பெனி இழுத்து மூடப்பட்ட பிறகு, வருஷக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தவன் அவன். காந்திமதி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போவாள். இவன் வாசலில் நின்றால் எதிர்வீட்டுக்காரர், "சாருக்கு இன்னிக்கும் லீவா?" என்பார். மறுபடி அந்த வாசலில் நிற்பதைவிட, குளிரில் நடுங்கிக்கொண்டு மில்லுக்குப் பக்கத்தில் நிற்பது மேல் என்றிருந்தது அவனுக்கு.

அவன் மனைவி காந்திமதி, பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் டீச்சர். ஆடி மழை ஆரம்பித்ததும் ஒரு கண்ணாடித் தொட்டியில் தலைப்பிரட்டைகளை விட்டு, அவை தவளையாகிற வரைக்கும் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்வது அவள் வழக்கம். அந்த வருஷம் பிள்ளைகள் இரண்டு இடத்திலிருந்து கொண்டுவந்ததால் இரண்டு தொட்டி வைத்திருந்தாள். ஒன்றில் மணிமங்கலம் கோயில் குளத்துத் தண்ணீரும் தலைப்பிரட்டையும். இன்னொன்றில் ரப்பர் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் தாங்கல் என்கிற சின்ன ஏரியிலிருந்து எடுத்தவை. ட்ரம் கழுவிய தண்ணீர், தரை கழுவிய தண்ணீர் எல்லாம் கம்பெனி ஓடை வழியாக அந்தத் தாங்கலில்தான் போய்ச் சேரும்.

ஒருநாள் சாயங்காலம் அவள் ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள்.

"வழியெல்லாம் மானம் போச்சு. மே மாசம் ஸ்ரீபெரும்புதூர்ல குண்டு வெடிச்சதிலிருந்து யார் பையைப் பார்த்தாலும் திறக்கச் சொல்றாங்க. செக்போஸ்ட்ல ஒரு போலீஸ்காரர் இந்தப் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்துட்டு, 'இன்னாம்மா இது, மீன் குஞ்சா?'ன்னார். தலைப்பிரட்டைன்னேன். இவ்ளோ பெருசாங்கறார்."

பகலவன் குனிந்து பார்த்தான். கட்டைவிரல் பருமனில் கொழுகொழுவென்று ஒன்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. கால் இல்லை. கால் வருவதற்கான அடையாளம்கூட இல்லை.

"மணிமங்கலத்துது எல்லாம் தவளையாகித் தொட்டியை விட்டுத் தாண்டிக் குதிச்சுப் போயிடுச்சுங்க. தாங்கல் தண்ணியில இருக்கறது ஒண்ணுகூட மாறலை. தின்னுட்டு பெருத்துக்கிட்டே இருக்கு. நேத்து தாங்கலுக்கே போய்ப் பார்த்தேன். கரையோரம் முழுக்க இதே மாதிரிதான். இவ்ளோ மழை பெஞ்சும் அங்க ஒரு தவளைச் சத்தம் கேக்கலை, நீங்க கவனிச்சீங்களா?"

"கம்பெனிப் பக்கம் ஏன் போன?"

"தண்ணி எடுக்கப் போனேன். உங்க வாட்ச்மேன் விரட்டினார்."

"காந்தி, இது நமக்கு வேணாம்."

அவள் கேட்டதாகத் தெரியவில்லை. "தொண்டைக்கிட்ட ஒரு சுரப்பி இருக்கு. அதுல ஊறுறதுதான் தலைப்பிரட்டைக்குக் காலை முளைக்க வைக்கும், வாலைக் கரைய வைக்கும். அது ஊறலைன்னா இப்படித்தான். உயிரோட இருக்கும், அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. நமக்கும் அதே சுரப்பிதான். அது குறைஞ்சா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். அவன் முகத்தையே பார்த்தாள். ஊதிய கன்னத்தை, புருவத்தை, ஸ்வெட்டரை.

"நாளைக்கு லீவு போடுங்க" என்றாள். "தாம்பரம் போறோம்."

தாம்பரத்து டாக்டரம்மா அதிகம் பேசவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து, வாயில் வைத்துக்கொண்டு சொல்லும்போது விழுங்கச் சொன்னார். கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு, "முழுங்குங்க" என்றார். தொண்டைக்குக் கீழே ஏதோ ஒரு உருண்டை மேலே ஏறி இறங்குவது பகலவனுக்கே தெரிந்தது. அதுவரை அப்படி ஒன்று தன் கழுத்தில் இருப்பதே அவனுக்குத் தெரியாது. ரத்தத்தை மெட்ராஸுக்கு அனுப்பி ரிசல்ட் வந்த பிறகு, தினமும் காலையில் வெறும் வயிற்றில் போடச் சொல்லிச் சின்ன மாத்திரை ஒன்றை எழுதிக்கொடுத்தார்.

"தைராய்டு வேலை செய்யலை. என்ன வேலை பாக்கறீங்க? கெமிக்கல் ஏதாவது?"

"ரப்பர் கம்பெனிங்க. பவுடர் ஒண்ணு வரும். பேர் தெரியாது."

"கூட வேலை செய்யறவங்களுக்கு இப்படி யாருக்காவது இருக்கா?"

"இல்லைங்க" என்றான். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் டில்லிபாபு இப்போதெல்லாம் சட்டையின் மேல் பட்டனைப் போடுவதில்லை என்பது நினைவுக்கு வந்தது. இறுக்குது என்று சொல்லியிருந்தான். காந்திமதி பக்கத்தில் இருந்தும் அதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மாத்திரை வேலை செய்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கிணற்றிலிருந்து மேலே வருவதுபோல் இருந்தது. பேச்சு நாக்கில் வந்து தயாராக நின்றது. ஸ்வெட்டரைத் துவைத்து மடித்து வைத்தான். அவன் அப்படிச் சந்தோஷமாக இருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம்தான் காந்திமதி அவனைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னாள்.

லேபில் யாரும் இல்லை. ஜன்னலோரம் தாங்கல் தண்ணீர்த் தொட்டியை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தாள். "இதுல ஒண்ணும் போடலை" என்று ஒன்றைக் காட்டினாள். அதே கொழுத்த தலைப்பிரட்டைகள் அடியில் மெதுவாக நகர்ந்தன. "இதுல உங்க மாத்திரையைப் பொடி பண்ணிப் போட்டேன்."

அவன் குனிந்தான். வாலுக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் மெல்லிய பின்னங்கால்கள், பாதம், விரல் எல்லாம் சரியாக. ஒன்று அவற்றை உதைத்துத் தண்ணீருக்கு மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுப் போனது.

"தண்ணி அதேதான். சாப்பாடும் அதேதான். உங்களுக்கு எது குறைஞ்சுதோ, அதுங்களுக்கும் அதுதான் குறைஞ்சிருக்கு" என்றாள். அவள் குரலில் கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சி துளியும் இல்லை. பகலவன் நிமிர்ந்தான். இனிமேல் தெரியாது என்று சொல்ல முடியாது.

திங்கட்கிழமை நேராக ஒர்க்ஸ் மேனேஜர் சின்னப்பராஜின் அறைக்குப் போனான். திண்டுக்கல்காரர், யாரையும் மரியாதை குறைத்துப் பேசாதவர். முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எத்திலீன் தயோயூரியா. அதான் நீங்க சொல்ற பால் பவுடர். வெளிநாட்டுல இதைப் பொடியா யாரும் கையில தொடுறது இல்ல. எனக்குத் தெரியும். எம்.டி.க்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா சார்?"

"நான் வாயைத் திறந்தா, அடுத்த வாரம் இந்த நாற்காலியில வேற ஒருத்தர் உக்காந்திருப்பார். பவுடர் அப்படியேதான் வந்து இறங்கும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க வீட்டம்மா தாங்கல்ல தண்ணி எடுத்த விஷயம் எம்.டி. காதுக்குப் போயாச்சு. ஹெட்மாஸ்டர்கிட்டயும் பேசிட்டார். அந்தப் பள்ளிக்கூடத்து லேப் கட்டடமே நம்ம கம்பெனி கட்டிக் கொடுத்ததுதான, உங்களுக்குத் தெரியாததா? உங்களுக்கு ஒரு வழி சொல்றேன், கேளுங்க. டிஸ்பாட்சுக்கு மாத்தித் தர்றேன். காத்தோட்டமான இடம், பவுடரே கிடையாது. தொட்டியை மட்டும் எடுத்துரச் சொல்லுங்க."

"மிக்சிங்குக்கு யார் சார்?"

"டில்லிபாபுவை சூப்பர்வைசர் ஆக்கிறலாம்னு இருக்கேன்."

வீட்டுக்கு வந்து சொன்னான். பவுடரின் பெயரைக் கேட்டதும் காந்திமதி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"தயோயூரியாவா? காலேஜ் பிராக்டிகல்ல தலைப்பிரட்டை வளராம நிறுத்திக் காட்டறதுக்கு நாங்க போடறதே அந்த வகைதாங்க. ஒரே ஒரு சிட்டிகை. நீங்க எல்லாம் அதுல முங்கி எழுந்திருக்கீங்க."

"நான் மாட்டேன்னு சொல்லிடட்டுமா?"

அவள் அடுப்பை அணைத்தாள். அப்புறம், "வேணாம். போங்க. டிஸ்பாட்சுக்கே போங்க. எனக்கு முதல்ல நீங்க வேணும்" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், பையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். "ஹெட்மாஸ்டர் கூடவே நின்னாருங்க. பின்னாடி சாக்கடையில என் கையாலயே கவுக்கச் சொன்னார். கால் முளைச்சது நாலஞ்சு சேத்துல குதிச்சுப் பார்த்துச்சு. காக்கா வந்துடுச்சு."

டிஸ்பாட்ச் செக்‌ஷனில் பெரிய ஷட்டர் எப்போதும் திறந்தே இருக்கும். லாரி வரும், ஹோஸ் பண்டல்களை ஏற்றும், போகும். வேப்பமரக் காற்று உள்ளே வரும். பகலவனுக்கு உடம்பு தேறியது, பேண்ட் லூசானது. ஆனால் அந்தக் காற்றை நிம்மதியாக அவனால் இழுக்க முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மில் ஓடுகிற உறுமல் நாள் முழுக்கக் கேட்டது. அங்கே இருந்தபோது ஆள் மட்டும்தான் மாட்டிக்கொண்டிருந்தான். இங்கே வாயும் சேர்ந்து மாட்டிக்கொண்டது.

டில்லிபாபு சூப்பர்வைசரான அன்று ஜிலேபிப் பொட்டலத்தோடு ஓடிவந்தான். முகம் உப்பியிருந்தது. சட்டைக் காலர் விரிந்து கிடந்தது.

"எல்லாம் உன்னாலதாண்ணா. இந்தா, மொதல்ல உனக்கு."

"டில்லி, ஒண்ணு சொல்றேன் கேளு. ஒருவாட்டி தாம்பரம் டாக்டரம்மாகிட்ட கழுத்தைக் காட்டிட்டு வா. அந்தப் பவுடர் உடம்புக்கு ஆகாது. எனக்கு வந்தது அதனாலதான்."

டில்லிபாபுவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "அப்போ உனக்கு ஆகாதுன்னு நீ இங்க வந்து குந்திக்கினு, என்னை அதுல வுட்டுட்டு வந்துட்டியா?"

பகலவன் அவன் தோளைத் தொடப் போனான்.

"இல்ல, எனக்குப் போஸ்ட் வந்தது உனக்குப் பொறுக்கலியா? ரெண்டுல ஒண்ணு சொல்லுண்ணா." பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். செக்‌ஷன் ஆட்களும் ஒவ்வொருவராகப் பேச்சைக் குறைத்தார்கள். கேன்டீனில் பகலவன் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட சமயம். சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், சுவருக்கு அந்தப் பக்கம் உறுமல் சட்டென்று நின்றது. அடுத்து ஒரு அலறல். பகலவன் லாரியை விட்டுவிட்டு ஓடினான்.

மில்லுக்கு முன்னால் கோபால் தரையில் உட்கார்ந்து தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய கையுறை உருளைகளுக்குள் இழுபட்டுப் பாதிவரை போயிருந்தது. டில்லிபாபு இன்னும் மில்லை நிறுத்துகிற எமர்ஜென்சி கம்பியைப் பிடித்தபடியே நின்றான். நின்றபடியே கோபால் தூங்கிவிட்டிருக்கிறான். உறை கழன்றதால் விரல் தப்பியது.

"தூங்கலண்ணா" என்றான் கோபால் பகலவனைப் பார்த்து, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, கரகரத்த குரலில். "கண்ணு தொறந்துதான் இருந்திச்சி. ஒண்ணுமே தெரில."

அந்தக் குரல் பகலவனுக்குத் தெரிந்த குரல். சில மாதங்களுக்கு முன்னால் அவன் தொண்டையிலிருந்து வந்ததும் அதுவேதான்.

கேன்டீனில் செக்‌ஷன் மொத்தமும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தது. பகலவன் தண்ணீர் ஜக்கையும் டம்ளர்களையும் கொண்டுபோய் அவர்கள் மேஜையில் வைத்தான்.

"எல்லாரும் ஒரு வாய் தண்ணி எடுத்து வெச்சுக்கங்க. எதிர்ல இருக்கறவன் கழுத்தைப் பாருங்க. சொல்லும்போது முழுங்குங்க."

"இன்னாத்துக்கு?" என்றான் டில்லிபாபு.

"எனக்காக வேணாம். கோபால் கைக்காகச் செய்."

என்ன நினைத்தானோ, முதலில் டம்ளரை எடுத்தது டில்லிபாபுதான். மற்றவர்களும் எடுத்தார்கள். பகலவன், "முழுங்கு" என்றான். கோபாலின் கழுத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒன்று மேலே ஏறி இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த டில்லிபாபு தன்னிச்சையாகத் தன் கழுத்தைத் தொட்டான். இன்னொரு மடக்குக் குடித்தான். விரலை எடுக்கவில்லை. மேஜை நெடுக ஒருவர் கழுத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் வீக்கம் இருந்தது என்றில்லை. ஆனால் இல்லாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பகலவன் அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னான். பவுடரின் பெயர், மாத்திரை, தாங்கல், கால் முளைத்த தலைப்பிரட்டைகள், மேனேஜர் காட்டிய வழி, அதைத் தான் எடுத்துக்கொண்டது. எதையும் மறைக்கவில்லை.

சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்தும் மிக்சிங் ஆட்கள் உள்ளே போகவில்லை. எடை ரூம் வாசலில் மழை பெய்யப் பெய்ய நின்றார்கள். சின்னப்பராஜ் குடையோடு வந்தார்.

"பகலவன், இப்ப இருக்கற நிலைமையில நாலு பேர் கூடி நின்னாலே போலீஸ் ஜீப்பு வந்துரும். எம்.டி. போனைக் கையில வெச்சுட்டு உக்காந்திருக்கார்."

"நாங்க கோஷம் போடலை சார். கதவைக்கூட மறிக்கலை. உள்ள போகத்தான் பயமா இருக்கு."

"பவுடர் கையில படாம வர்றதுக்கு வழியே இல்லியா சார்?" என்று கேட்டான் டில்லிபாபு. எப்போதும் கத்துகிறவன், அன்றைக்குக் கெஞ்சுவதுபோல் கேட்டான்.

சின்னப்பராஜ் எடை ரூமுக்குள் இருந்த ட்ரம்களைப் பார்த்தார். "இருக்கு. எடை போட்டுச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பையா சீல் பண்ணி வரவழைக்கலாம். பையோடயே மில்லுல போட்டா உருகிக் கலந்துரும். ரெண்டு வருஷமாச் சொல்லிட்டுத்தான் இருக்கேன்" என்றார். பிறகு குடையை மடக்கிக்கொண்டு அவரும் அவர்களோடு நனைந்தபடி நின்றார். அதை எம்.டி. ஜன்னலிலிருந்து பார்த்திருக்க வேண்டும். ஜீப் வரவில்லை.

பை வரவழைப்பதாகச் சாயங்காலம் ஒத்துக்கொண்டார்கள். வருகிற வரைக்கும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு பழையபடிதான் வேலை. வேலையை விட்டுவிட்டுப் போக அவர்களில் யாருக்கும் வேறு இடம் இல்லை. நிலம் வைத்திருந்தவர்களும் அதைக் கம்பெனிக்கே கொடுத்துவிட்டவர்கள். எல்லோரும் பகலவனைத்தான் பார்த்தார்கள்.

"நீ அங்க லாரி ஏத்திக்கினு இருந்தா எங்களுக்கு யாருண்ணா பேசுவா?" என்றான் கோபால்.

பகலவன் மறுநாள் மிக்சிங்குக்கே திரும்பினான். டில்லிபாபு சூப்பர்வைசராகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, எடை ரூமுக்கு அவனே போனான். காந்திமதி தடுக்கவில்லை. இரண்டு கைக்குட்டைகளை இரட்டையாக மடித்து, மூக்கில் கட்ட நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது, "தாங்கல் தண்ணி?" என்று மட்டும் கேட்டாள். அதைப்பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை, பேச அவனுக்கும் தோன்றவில்லை. ஓடை இன்னும் அந்தத் தாங்கலுக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் கைக்குட்டையின் நாடாவை அவன் பின்கழுத்தில் முடிச்சுப் போட்டுவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வடக்குப்பட்டு ஸ்டாப்பில் மிக்சிங் செக்‌ஷன் மொத்தமும் தாம்பரம் பஸ்ஸுக்குக் காத்திருந்தது. எல்லோரும் தலைக்கு எண்ணெய் வைத்து, பெட்டியிலிருந்து எடுத்த சட்டையில் இருந்தார்கள். பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"இன்னாப்பா, கூட்டமாக் கெளம்பிட்டீங்க? கல்யாணமா?"

"ஆமா" என்றான் டில்லிபாபு. "எல்லாரும் கழுத்த நீட்டப் போறோம்."

பஸ்ஸே சிரித்தது. விவரம் தெரியாதவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். கோபால் மட்டும் சிரிக்கவில்லை. ஏறி உட்கார்ந்த உடனேயே தூங்கிப்போயிருந்தான். பகலவன் எட்டி, ஜன்னலுக்கு வெளியே கிடந்த அவன் கையை எடுத்து உள்ளே மடியில் வைத்தான்.